முகாமில் நான் சொன்ன "இல்லை"

தம்பி,

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் நீ கொச்சியிலிருந்து பேசினாய். உன் கல்யாணத்துக்குப் பொள்ளாச்சி ரோட்டில் மண்டபம் பேசி முடித்துவிட்டதாகச் சொன்னாய், பத்திரிகைக்கு மாதிரி அனுப்புவதாகச் சொன்னாய். போனை வைக்கப்போகும் நேரத்தில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அம்மா, அக்காவுக்குக் கர்ப்பப்பையில கட்டி, ஆபரேசன் பண்ணி எடுத்தாச்சுன்னு நந்தினி வீட்டுல சொல்லி வச்சிருக்கேன். அவுக கேட்டா நீயும் அதையே சொல்லிரு" என்றாய். நான் "சரிப்பா" என்றேன். அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உன் மேல் கோபம் வந்தது உண்மை. ஆனால் அதைவிட ஒரு கேள்விதான் என்னை எழுந்திருக்க விடவில்லை. எந்த உறுப்பின் பெயரைச் சொன்னால் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள் என்பது உனக்கு எப்படித் தெரிந்தது? யார் சொல்லிக் கொடுத்தார்கள்? வண்டன்மேட்டில் முப்பது வருடம் தமிழ் மீடியம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். என் சொந்தப் பிள்ளை என்னிடம் நன்றாகப் படித்துக்கொண்டது இந்த ஒரு பாடத்தைத்தான் போலிருக்கிறது.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் நீ பேச விட மாட்டாய். "பிறகு பார்க்கலாம்மா" என்பாய், நானும் "சரிப்பா" என்று விடுவேன். அதனால் எழுதுகிறேன். இது உனக்கு மட்டும் எழுதுகிற கடிதமும் இல்லை. நம் தெருப் பெண்கள் வாராவாரம் கூடுகிற அயல்கூட்டத்தில் இதை வாசிக்கப்போகிறேன். கேட்கிறவர்களுக்கு நகல் எடுத்துக் கொடுப்பேன். மூடி மூடி வைத்ததில் நம் வீட்டுக்கு வந்து சேர்ந்தது போதும்.

உன் ராஜாத்தி அத்தையை உனக்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ தெரியாது. அவள் போனபோது உனக்கு ஆறு வயது, உன் அக்கா சித்ராவுக்குப் பத்து. உன் அப்பாவுக்கு ஒரே தங்கை. ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போவாள். அவள் வேகத்துக்கு இன்னொருத்தி எடுக்க முடியாது என்று கங்காணியே சொல்வார். கம்பத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். ஒரு நாள் அவள் புருஷன் அவளைக் கூட்டிக்கொண்டு வந்து, பையை வாசலில் வைத்துவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் திரும்பிப் போனான். இடது மார்பில் கல் மாதிரி ஒரு கட்டி. அதற்குள் அது உடைந்து புண்ணாகியிருந்தது. ஒரு வருடமாகச் சேலைக்குள் துண்டை மடித்து வைத்துக்கொண்டு காய் எடுக்கப் போயிருக்கிறாள். தேனியில் காட்டினோம். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று அனுப்பிவிட்டார்கள். பின்னறையில் நான்கு மாதம் கிடந்தாள். நான்தான் புண்ணைக் கழுவினேன். அந்தத் துணிகளைத் தனியாகத் துவைத்து, அக்கம்பக்கத்தில் யார் கண்ணிலும் படாமல் கோழிக் கூட்டுக்குப் பின்னால் காயப்போட்டேன். "அத்தை ரூம்ல என்னமோ வாடை அடிக்குது" என்று நீ சொன்னபோது உன்னை அடித்தேன். அவளுக்கு முப்பத்தாறு வயது.

அவள் போன அன்றே உன் அப்பா என்னைக் கூப்பிட்டு, "வயித்துப் புண்ணுன்னு சொல்லிருவோம். வீட்டுல பொம்பளப் புள்ள இருக்கு" என்றார். அவருடைய அத்தை ஒருத்தியும் சின்ன வயதிலேயே மார்புப் புண்ணில் செத்தவள் என்பதை அதற்குப் பிறகு பல வருடம் கழித்து, அதுவும் வாய் தவறித்தான் சொன்னார். இரண்டு பெண்கள், ஒரே ரத்தம், ஒரே இடத்தில் நோய். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். ஆனால் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அது அவர்கள் குடும்பத்துப் பெண்களின் விதி, என் வயிற்றில் பிறந்தவள் என் மாதிரி என்று நினைத்தேன். பெண்ணுக்கு வருகிற நோய் அம்மா வழியாகத்தான் வரும் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். படித்தவள், டீச்சர்!

இப்போது முகாமுக்கு வருகிறேன். இந்தக் கதையை நீ யார் யார் வாயிலிருந்தோ அரைகுறையாகக் கேட்டிருப்பாய். என் வாயால் முழுவதும் கேள்.

உன் அப்பா இறந்து ஒரு வருடம் ஆகியிருக்கவில்லை. சித்ராவுக்கு இருபத்தைந்து வயது. ஆனைக்கரையில் மாப்பிள்ளை பார்த்து நிச்சயம் முடிந்திருந்தது. அந்த மாதம் ஆனைக்கரைப் பள்ளி ஹாலில் பெண்களுக்கு மார்புப் பரிசோதனை முகாம் வைத்தார்கள். எனக்குப் பார்க்கலாம் என்று போனேன், சித்ரா துணைக்கு வந்தாள். மேஜைக்கு அந்தப் பக்கம் ஷீபா சிஸ்டர், நம் பக்கத்துச் சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கிற மலையாளி நர்ஸ். கையில் ஒரு படிவம். வயது, எத்தனை பிள்ளைகள், பால் கொடுத்தீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தவள், "வீட்டுல ஆர்க்காச்சும் இந்த அசுகம் வந்திருக்கா டீச்சரே? அம்மா, அக்கா, தங்கச்சி?" என்றாள். என் அம்மா வழியில் யாருக்கும் இல்லை. இல்லை என்றேன். அது உண்மை. அவள் அதோடு விட்டிருந்தால் நான் இன்றைக்கு யார் மேலாவது பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பேன். அவள் விடவில்லை. சித்ராவைக் காட்டி, "இது மகளல்லே? அப்ப மகளோட அச்சன் வழியிலயும் நோக்கணும். எல்லாரும் அம்மா வழி மாத்திரம்தான்னு நினைக்கிறாங்க. அச்சனோட பெங்ஙன்மாருக்கு, அதாவது அத்தைமாருக்கு வந்திருந்தாலும் மகளுக்கு வரலாம். அப்படி இருந்தா நான் லெட்டர் எழுதித் தரேன். கோட்டயத்துப் பெரிய ஆஸ்பத்திரியில போய்க் கேக்கலாம், ரத்தம் எடுத்துப் பாக்க ஒரு டெஸ்ட் உண்டு" என்றாள்.

வரிசையில் எனக்குப் பின்னால் யார் நின்றுகொண்டிருந்தார்கள் தெரியுமா? மாப்பிள்ளையின் பெரியம்மா. என் தோளுக்கு மேல் அவள் மூச்சு படுகிற தூரம். நான் திரும்பிப் பார்க்கவில்லை. "எங்க வீட்டுல யாருக்கும் அப்படி எதுவும் இல்ல சிஸ்டர். நல்ல ஆரோக்கியமான குடும்பம்" என்றேன். கேட்காததற்கும் சேர்த்துப் பதில் சொன்னேன். ஷீபா என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று இப்போது நினைக்கிறேன். படிவத்தில் எழுதிவிட்டு, குனிந்து எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "இப்ப சொல்ல முடியலைன்னா சாரமில்ல, பரவாயில்ல டீச்சரே. எப்ப வேணும்னாலும் சென்டருக்கு வந்து சொன்னாப் போதும்" என்றாள். நடந்தே போகிற தூரம்தான் அந்த சென்டர். நான் போகவில்லை. கல்யாணம் முடியட்டும் என்று நினைத்தேன். முடிந்த பிறகு, ஒரு குழந்தை பிறக்கட்டும் என்று நினைத்தேன்.

இதைவிடப் பெரிய குற்றம் ஒன்று இருக்கிறது. திரும்பி வரும்போது ஜீப்பில் சித்ரா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஆமையார் தாண்டியதும், "அம்மா, ராஜாத்தி அத்தைக்கு என்ன நோயி?" என்று கேட்டாள். பத்து வயதில் பார்த்ததை அவள் மறக்கவில்லை. முகாமில் அந்தக் கேள்வியைக் கேட்டதும் அவளுக்குள் ஏதோ ஓடியிருக்கிறது. ஜீப்பில் எங்களுக்குத் தெரிந்தவர்கள் ஒருவரும் இல்லை. பெரியம்மா இல்லை, சம்பந்தி இல்லை. என் மகள் என்னிடம் கேட்டாள், அவ்வளவுதான். "வயித்துப் புண்ணுடி. எத்தன தடவ சொல்றது" என்றேன். அவள் முகத்தைத் திருப்பி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். முகாமில் சொன்ன பொய்க்காவது பயம் என்று ஒரு காரணம் சொல்லலாம். ஜீப்பில் சொன்ன பொய்க்கு எந்தக் காரணமும் இல்லை, தம்பி. பழகிப்போனதால் சொன்னேன்.

நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும், ஆனால் ஒன்று தெரியாது. குழந்தைக்கு ஒன்றரை வயதில் சித்ராவுக்குக் கட்டி தட்டுப்பட்டபோது அவள் அதைப் பால் கட்டு என்றுதான் நினைத்தாள். பக்கத்து வீட்டுப் பெண் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருக்கிறாள். "எங்க குடும்பத்துல அதெல்லாம் யாருக்கும் கிடையாதுக்கா" என்று இவள் சொல்லியிருக்கிறாள். நான் கொடுத்த பதிலை அப்படியே. எட்டு மாதம் அப்படிப் போனது. கோட்டயத்தில் காட்டும்போது அக்குளிலும் இறங்கியிருந்தது. அங்கே ஒரு டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்து, ஒரு வெள்ளைத் தாளில் வட்டமும் சதுரமுமாகக் குடும்பத்தையே வரைந்தார். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம். "அப்பாவுக்குக் கூடப்பிறந்தவங்க உண்டா?" என்றார். சித்ரா, "ஒரு அத்தை. வயித்துப் புண்ணுல செத்துட்டாங்க" என்றாள். பேனா அந்த வட்டத்துக்குப் பக்கத்தில் போனபோதுதான் நான் வாயைத் திறந்தேன். "வயித்துப் புண்ணு இல்ல டாக்டர். மார்புல. அவ அத்தைக்கும் அதேதான்."

டாக்டர் எழுதிக்கொண்டார். அவருக்கு இது புதிதில்லை போல. சித்ராதான் என் பக்கம் திரும்பினாள். "உனக்கு எப்பத் தெரியும்?"

"மொதல்ல இருந்தே தெரியும்மா."

"முகாமுக்குப் போனப்பயும் தெரியுமா? ஜீப்புல நான் கேட்டப்பயும்?"

"ம்."

அவள் அழவில்லை. டாக்டரைப் பார்த்து, "அடுத்தது என்ன செய்யணும் டாக்டர்?" என்றாள். அன்றிலிருந்து அவளுக்குத் தேவையானதை டாக்டரிடமும் நர்ஸிடமும்தான் கேட்டாள். என்னிடம் கேட்கவில்லை. இரண்டு மார்பையும் எடுத்தார்கள், கீமோ கொடுத்தார்கள். ரத்தப் பரிசோதனையில் அது பரம்பரையாக வந்தது என்று உறுதியானது. மார்பில் கட்டி வந்த எல்லாப் பெண்களுக்கும் இப்படி ரத்தத்தில் வருவதில்லை, சில குடும்பங்களில்தான் என்று டாக்டர் விளக்கினார். அந்தச் சில குடும்பங்களில் நம்முடையது ஒன்று. முன்கூட்டியே தெரிந்திருந்தால் வருடா வருடம் பார்த்துக்கொண்டே வந்திருக்கலாம், சின்னதாக இருக்கும்போதே பிடித்திருக்கலாம் என்று அவர் சொல்லவில்லை. என்னைப் பார்த்து இரக்கப்பட்டு விட்டிருப்பார். நானாகப் பிறகு ஷீபாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

யாருக்குப் பயந்து பொய் சொன்னேனோ அவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கீமோ முடிவதற்குள் சித்ராவையும் பாப்பாவையும் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். அந்தப் பெரியம்மா நம் வாசலில் நின்று, "முகாம்ல என் காதால கேட்டேன். ஆரோக்கியமான குடும்பம்னு சொன்னியே டீச்சரு. ஏமாத்திட்டியே" என்றாள். நோயில் கிடக்கிறவளைக் கொண்டுவந்து தள்ளுகிற ஜனங்கள் அவர்கள். இருந்தாலும் அவள் சொன்னது உண்மை. உண்மையைச் சொல்லியிருந்தால் அவர்கள் அன்றைக்கே விலகியிருப்பார்கள். இன்னொருத்தன் வந்திருப்பான், வராமலும் போயிருப்பான். என் மகள் உடம்பாவது முழுசாக இருந்திருக்கும். இப்போது கட்டப்பனையில் ஒரு துணிக்கடையில் நின்றுகொண்டு, ஒற்றை அறையில் பாப்பாவோடு இருக்கிறாள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை கோட்டயத்துக்குத் தனியாகப் போய் வருகிறாள். நான் வருகிறேன் என்றால், "வேண்டாம்" என்கிறாள்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். "தம்பிக்கும் பாக்கணும். ஆணாப் பொறந்ததால தப்பிச்சதுன்னு இல்ல. அவருக்கும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம், ரெண்டுக்கும் சம வாய்ப்பு. இருந்தா நாளைக்கு அவரோட பிள்ளைகளுக்கும் போகலாம்" என்று டாக்டர் சொன்னபோது நீ என் பக்கத்தில்தான் நின்றாய். ஆண்களுக்கும் இதனால் சில புற்றுகள் வரலாம் என்று அவர் சொன்னதையும் கேட்டாய். டெஸ்டுக்கு அவர் எழுதிக் கொடுத்த சீட்டை வாங்கி மடித்துப் பையில் வைத்தாய். நாலு வருடம் ஆகிறது. உன் அப்பா ஒரு சதுரம், தம்பி. அந்தச் சதுரத்தின் வழியாகத்தான் அது சித்ராவிடம் வந்தது. அவர் உடம்பில் ஒரு கொப்புளம்கூட வந்ததில்லை. தெரிந்தும் பேசாமல் இருந்தார், அவ்வளவுதான் அவர் செய்தது. நீயும் இப்போது அதைத்தான் செய்கிறாய்.

ஞாயிற்றுக்கிழமை கட்டப்பனைக்குப் போனேன். வாசலில் நின்றபடியே நீ போனில் சொன்னதைச் சித்ராவிடம் சொன்னேன். "நந்தினிகிட்ட உண்மையச் சொல்லப் போறேன். உன் உடம்பு சமாச்சாரம், உன்னக் கேக்காமச் சொல்லக் கூடாது" என்றேன். அவள் பாப்பாவின் தலையை வாரிக்கொண்டே, "என்னப் பத்தி எல்லாத்தையும் சொல்லு, என் பேரச் சொல்லியே சொல்லு. அவன் டெஸ்ட் எடுத்தானா இல்லையான்னு மட்டும் அவனே சொல்லட்டும்" என்றாள். சீப்பில் சிக்கிய முடியை எடுத்துக்கொண்டே, "எனக்கு யாராவது இப்படி பஸ் ஏறி வந்து சொல்லியிருக்கலாம்" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, சீப்பைப் பார்த்துச் சொன்னாள்.

திங்கட்கிழமை விடியற்காலையில் கிளம்பினேன். குமுளி இறங்கி, தேனி, பழனி, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறி மீனாட்சிபுரம் போய்ச் சேரும்போது சாயங்காலப் பால் எடுக்கிற நேரம். நந்தினி சொசைட்டியில் பால் சோதித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "வாங்கத்தை! என்னங்க, ஒரு போன்கூடப் பண்ணாம, தனியாவா வந்தீங்க?" என்று ஓடி வந்தாள். கேன்கள் எல்லாம் வண்டியில் ஏறும்வரை ஓரமாக உட்கார்ந்திருந்தேன். பிறகு சொன்னேன். ராஜாத்தியிலிருந்து ஆரம்பித்தேன். முகாமையும் ஜீப்பையும் விடவில்லை. கர்ப்பப்பைக் கட்டி என்பது பொய் என்று சொன்னேன். உன் ரத்தத்தில் இது இருக்குமா இருக்காதா என்று எனக்குத் தெரியாது, பார்த்தால்தான் தெரியும் என்றேன்.

முடித்ததும் அந்தப் பெண் முதலில் கேட்டது, "அக்கா இப்ப எப்படி இருக்காங்க?" நம் சொந்தத்தில் ஒருத்தர்கூட என்னிடம் இதைக் கேட்டதில்லை. எல்லோரும் எவ்வளவு நாள் தாங்கும் என்றுதான் கேட்டார்கள். நன்றாக இருக்கிறாள், வேலைக்குப் போகிறாள் என்றேன். அதற்குப் பிறகு, "ஏனுங்கத்தை, இது பரம்பரையா வர்றதுன்னு அவருக்குத் தெரியுங்களா?" என்றாள்.

"தெரியும்மா."

"எத்தன நாளாத் தெரியுங்க?"

பழைய பழக்கம் தொண்டை வரை வந்தது. இப்போதுதான் தெரியும் என்று சொல்லிவிட்டால் உன்னைக் காப்பாற்றிவிடலாம். "நாலு வருசமா" என்றேன்.

அவள் எழுந்து போய் மேஜையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். "தினமும் ஒரு மணி நேரம் பேசறோமுங்க. என்ன சாப்பிட்டன்னு கேக்கறாரு, மாட்டுக்கு எப்படி இருக்குன்னுகூடக் கேக்கறாரு" என்றாள். பிறகு குரல் மாறியது. "நோவு யாருக்கு வேணும்னாலும் வரும்ங்க. எங்கூட்டுல சொன்னா என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியல. என்ற அம்மாகிட்ட நானே சொல்லிக்கறேன். பத்திரிகை மட்டும் இப்பைக்கு அடிக்க வேண்டாமுங்க. அவரு டெஸ்ட் எடுக்கட்டும், என்ன வந்தாலும் அவரே வந்து என்ற மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும். அப்பறம்தான் நான் யோசிக்கணும்." என்னைப் பொள்ளாச்சி பஸ்ஸில் ஏற்றிவிட்டுப் போனாள். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பத்திரிகை ஏன் நின்றது என்று நீ இரண்டு நாளாக எல்லோரையும் கேட்டுக்கொண்டிருக்கிறாயாம். நான்தான் காரணம்.

உன் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டேன் என்று நினைப்பாய். கெட்டிருக்கலாம். பத்து வருடத்துக்கு முன்னால் சித்ராவின் கல்யாணத்தைக் கெடுத்திருக்க வேண்டியவள், கெடுக்காமல் விட்டேன். வருகிற செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கோட்டயத்தில் உன் பெயரில் டோக்கன் போட்டிருக்கிறேன். ரத்தம் எடுப்பதற்கு முன்னால் உட்கார வைத்துப் பேசுவார்கள், எல்லாவற்றையும் கேட்டுக்கொள்ளலாம், பயப்படுகிற மாதிரி ஒன்றும் இல்லை. அந்த வாசலில் நான் நிற்பேன். நீ என்னோடு பேச வேண்டும் என்று இல்லை, வந்தால் போதும்.

ஷீபா சிஸ்டர் முகாம் வைக்கும்போதெல்லாம் தமிழ்ப் பெண்களுக்குப் படிவம் நிரப்ப நான் போய் உட்காருகிறேன், ஒரு வருடமாக. ஒவ்வொருத்தியையும் தனியாக, பின்னால் யாரும் நிற்காமல், கதவைச் சாத்திவிட்டுத்தான் கேட்கிறோம். அது நான் சண்டை போட்டு வாங்கியது. அம்மா வழியைக் கேட்டுவிட்டு அப்பா வழியையும் கேட்கிறேன். "இல்ல டீச்சர்" என்று அவசரமாகச் சொல்கிறவளை எனக்கு உடனே தெரிந்துவிடும். அவளிடம் ராஜாத்தியைப் பற்றிச் சொல்வேன். சிலர் வாயைத் திறக்கிறார்கள். சிலர் என்னைப் போலவே எழுந்து போய்விடுகிறார்கள்.

நேற்றுக் கட்டப்பனைக்குப் போய் இந்தக் கடிதத்தைச் சித்ராவிடம் படித்துக் காட்டினேன். அவள் சம்மதம் இல்லாமல் ஊருக்குப் படிக்க முடியாது. துணிகளை மடித்துக்கொண்டே முழுவதும் கேட்டாள். ஒரு இடத்தில்கூட நிறுத்தச் சொல்லவில்லை. முடித்ததும், "கடைசியில எங்கிட்ட மன்னிப்புக் கேட்டு ஒரு பாரா எழுதியிருக்கியே, அத எடுத்துடு. மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்" என்றாள்.

எடுத்துவிட்டேன்.

அம்மா